அர்த்தனாரி முதலாளியின் மூன்றாவது கை

செங்கோடனின் வலது கையை, மரவள்ளிக்கிழங்கை ஜவ்வரிசியாக்கும் சேகோ மில்லின் அரவை மிசின் தின்றது தை மாதத்தில். அடுத்து வந்த மாசியில் ஒரு காலைப்பொழுது, அவன் அடுப்படியில் குந்தியிருந்தபோது, வெளியே சரிந்து வந்த கொள்ளிக்கட்டையை உள்ளே தள்ளுவதற்காக, மணிக்கட்டுக்கு மேலேயே முடிந்துபோன வலது கையைப் பழக்கதோஷத்தில் நீட்டி, இல்லாத விரல்களால் நெருப்பைப் பிடித்தான். அவனுக்குச் சுடவில்லை. ஊர்க்கோடியில் மில் ஆபீசில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த அர்த்தனாரி முதலாளிதான் “ஐயோ” என்று அலறிக்கொண்டு எழுந்தார், எழுந்து தன் வலது கையை உதறிப் பார்த்தார், அதில் சட்னிதான் இருந்தது, இடது கையைப் பார்த்தார், அதில் தண்ணீர்ச் செம்பு இருந்தது, இரண்டும் குளிர்ந்திருந்தன, எரிந்தது அந்த இரண்டுக்கும் நடுவே, நெஞ்சுக்கு முன்னால், ஒன்றுமில்லாத இடத்தில் இருந்த இன்னொரு கை.

அது யாருடைய கை என்று அவருக்குத் தெரியவில்லை. செங்கோடனுக்கும் தெரியவில்லை. அத்தாயிதான் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். அத்தாயி மில்லில் கிழங்கு உரிப்பவள். கத்தியைவிட வேகமான வாய் அவளுக்கு. அன்று மத்தியானம் செங்கோடன் வீட்டு வாசலில் நின்று, முதலாளி இட்லித் தட்டோடு ஆடிய ஆட்டத்தை ஆடியே காட்டினாள்.

“அது எந்நேரம் அத்தாயி?” என்றான் செங்கோடன்.

“பால் வண்டி திரும்புற நேரம். ஏன், ஜாதகம் எழுதப் போறியா?”

அவன் கொள்ளிக்கட்டையைப் பிடித்ததும் பால் வண்டி திரும்பும் நேரந்தான். கை போனவர்களுக்கு இல்லாத கை அரிக்கும், எரியும், பொழுதன்னைக்கும் குடையும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனால் செங்கோடனுக்கு அப்படி எதுவும் இல்லை. கை இருக்கும் இடம் தெரிந்தது. மடக்கினால் மடங்கியது, விரித்தால் விரிந்தது. தொடுகை மட்டும் ஒரு துளிகூட வரவில்லை. தனக்கு வரவேண்டியது வேறு ஒரு வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது என்று இப்போது அவனுக்குப் பட்டது.

“நாளைக்கு மில்லுச் சங்கு ஊதுறப்ப மொதலாளி மூஞ்சியப் பாரு,” என்றான்.

மறுநாள் சங்கு ஊதியபோது, அவன் இல்லாத கையைக் கிணற்றுத் தண்ணீர் வாளிக்குள் விட்டு வைத்திருந்தான். அத்தாயி முந்தானை பறக்க ஓடி வந்தாள். “நடுங்குறாரு செங்கோடா! காயுற வெயில்ல நின்னுக்கிட்டு மனுசன் வெடவெடன்னு நடுங்குறாரு!”

கல்பாறைப்பட்டி ஊர் இதற்கு அதிசயப்படவில்லை. காரணம் என்னவென்று மட்டும் கேட்டது; காரணம் கிடைத்ததும் அடங்கிவிட்டது. மிசினுக்குள்ளிருந்து மீந்து வந்ததை முதலாளி ஒரு வாழையிலையில் சுருட்டி, மில்லுக்குள் ரத்தம் சிந்தியது ஆகாது என்று எவனோ குறிகாரன் சொன்னதைக் கேட்டு, மில் களத்தின் ஈசான மூலையில் குழி வெட்டிப் புதைத்து, மறுநாள் விடிந்ததும் யாருக்கும் தெரியாமல் தானே போய்ப் பால் ஊற்றிவிட்டு வந்திருந்தார். யாருக்கும் தெரியாமல் என்று அவர்தான் நினைத்துக்கொண்டிருந்தார். பால் ஊற்றுவது பங்காளி, பால் ஊற்றுவது பிள்ளை. அன்னியன் ஊற்றுவது உண்டா? “கைக்குக் கருமாதி பண்ணுனது அவரு. அப்ப கைக்கு வாரிசும் அவருதானே?” என்றார் டீக்கடை மாது, கிளாசை அலசிக்கொண்டே. அவ்வளவுதான், வழக்கு தீர்ந்தது. பேருக்குத் தகுந்த மாதிரி முதலாளி உடம்பில் அடுத்தவர் பங்கும் சேர்ந்துகொண்டது என்று சிரித்தார்கள்.

செங்கோடனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு அந்த ஊரில் தீர்க்கவேண்டிய கணக்கு ஒன்று இருந்தது, அது கைக்கான கணக்கு அல்ல.

கை போன அந்தத் தை மாதம், கிழங்கு வந்து குவியும் பருவம். வாசல்வரை லாரிகள் நின்றன. அரவை மிசினின் வாயில் இருந்த கம்பி வலை வேகத்தைக் குறைக்கிறது என்று முதலாளி அதைக் கழற்றச் சொன்னார். மேஸ்திரி வையாபுரி கழற்றினான். வலை இல்லாத வாயில் ஒரு கிழங்கு குறுக்கே நின்றது, செங்கோடன் தள்ளினான், மிசின் கிழங்கையும் கையையும் பிரித்துப் பார்க்கவில்லை. அவன் நினைவு தப்பிக் கிடந்தபோது, மற்றவர்கள் வண்டியைத் திருப்ப ஓடிய அந்தச் சிறு நேரத்தில், முதலாளி வையாபுரியைப் பார்த்தார், வையாபுரி ஒரு பாட்டிலை எடுத்துவந்து செங்கோடனின் வாயிலும் சட்டையிலும் சாராயத்தை ஊற்றினான். தொண்டை எரிய ஒரு கணம் கண் விழித்த செங்கோடன் வையாபுரியின் முகத்தைப் பார்த்தான், மறுபடி இருண்டது. “குடிச்சுட்டு வந்து மிசின்ல நின்னா, மிசின் என்ன பண்ணும்?” என்று முதலாளி ஆஸ்பத்திரி வாசலில் எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார்.

செங்கோடனின் மனைவி பூவாயி ஓடி வந்து அவன் முகத்தின் மேல் குனிந்தாள். குனிந்தவள் நிமிர்ந்துவிட்டாள். அவள் அப்பன் குடித்தே அவள் அம்மாவைச் சுடுகாட்டுக்கு அனுப்பியவன். குடிக்கிறவன் கையால் தாலி ஏறாது என்று சொல்லி, பெண் பார்க்க வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியவள் அவள். செங்கோடன் அவளிடம் அம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்து, அத்தனை வருஷமும் அதைக் காப்பாற்றியவன். ஊர் ஆயிரம் சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள். அவள் மூக்கு சொன்னதை நம்பாமலிருக்க அவளால் முடியவில்லை. அந்த நெடி அவள் பிறந்த வீட்டின் நெடி.

“ஊத்திவிட்டாங்க புள்ள, எம்மேல சத்தியமா வையாபுரி ஊத்திவிட்டான்,” என்றான் அவன், பேச்சு வந்ததும்.

“எங்கப்பனும் இப்பிடித்தான் சொல்லும்,” என்றாள் பூவாயி. “யாரோ ஊத்திவிட்டாங்கன்னு.”

அதோடு அவள் அவனிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். பிறகு வீட்டுக்குக் கூட்டிவந்தாள், காயம் ஆறும்வரை துணி மாற்றினாள், அவன் இடது கை பழகாமல் தடுமாறியபோது சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். போதுமா என்று கேட்க மாட்டாள். வயிறு நிறைந்தால் அவன் வாயை மூடிக்கொள்வான். அவள் கையைக் கழுவிக்கொள்வாள். எந்த மில் அவன் கையைத் தின்றதோ அதே மில்லுக்குக் கிழங்கு உரிக்கவும் போனாள், தப்பு மில்லின் பேரில் இல்லை என்பதுபோல.

ஆகையால் செங்கோடனுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வாக்கியம். அதை அர்த்தனாரியின் வாயிலிருந்து பிடுங்க வேண்டும், பூவாயியின் காதில் போட வேண்டும். பிடுங்குவதற்கு இப்போது அவனிடம் ஒரு கை இருந்தது.

முதலில் அவன் தனியாகத்தான் செய்தான். பிறகு ஊர் பங்கு கேட்டது. மில்லின் கழிவுத் தண்ணீர் இறங்கிக் கிணறு புளித்துப்போன மாது, அந்தத் தண்ணீரைக் குடித்த எருமை செத்துப்போன ராக்கண்ணன், ஒரு நாள் தாமதமாக வந்ததற்காகக் கைக்குழந்தையோடு வெயிலில் நிறுத்தப்பட்ட தங்காயி என்று ஒவ்வொருவராகச் செங்கோடன் வீட்டு வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். வெறுங்கையோடு வரவில்லை. தொட்டாலே அரிக்கும் காஞ்சொறித் தழையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள், மிளகாய் அரைத்த அம்மி கழுவிய தண்ணீரைக் கொண்டுவந்தார்கள், தங்காயி கொத்துகிற சேவல் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக் கொண்டுவந்தாள்.

“எங்கண்ணா இருக்குது?”

“இன்னுங் கீழ. அதா, அது கட்டவெரலு. உள்ளங்கை வேணுன்னா இப்பிடித் திருப்பறேன்.”

“நோவுமாண்ணா?”

“எனக்கா? எனக்கென்ன.”

ஒழுங்குமுறைகளும் தாமாகவே வந்துசேர்ந்தன. முதலாளி வண்டி ஓட்டும்போது யாரும் தொடக் கூடாது, ரோட்டில் வருகிற போகிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள். அவர் தன் தாய்க்குத் திதி கொடுக்கும் நாளில் தொடக் கூடாது. பிள்ளைகள் விளையாட்டுக்குக் கிள்ளினால் பெற்றவர்கள் அவர்கள் கன்னத்தில் ஒன்று போட்டு, “மொதலாளி கையோட உனக்கென்ன சேட்டை?” என்று அதட்டினார்கள். செங்கோடன் தெருவில் நடந்தால் வலது பக்கம் கொஞ்சம் இடம் விட்டு நடந்தார்கள், மரியாதையாக.

பூவாயி ஒருத்திதான் இதையெல்லாம் நம்பவில்லை. மரத்தடியில் கூட்டம் நின்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கூடையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். “ஊரே கிறுக்குப் புடிச்சு ஆடுது,” என்பாள் அத்தாயியிடம். “அந்தாளு நரம்புக் கோளாறுல துள்ளுறான். இவரு அத வெச்சு வேசங் கட்டுறாரு. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு.”

சித்திரை பிறப்பதற்குள் ஒரு சங்கடம் வந்தது. சுடுதண்ணீருக்கு முதலாளி கத்துவது நின்றுவிட்டது. காஞ்சொறிக்குத் துள்ளிக்கொண்டிருந்தவர், காஞ்சொறி தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வியாபாரியிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார் என்று அத்தாயி வந்து சொன்னாள். “பழகிட்டாரு செங்கோடா. மரத்துப்போச்சு.”

அன்றைக்குச் சேலத்திலிருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கிய ஒரு பெண், இறங்கிய கால் தரையில் படுமுன் மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டதைச் செங்கோடன் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது, தங்கள் ஊர் நாறுகிற ஊர். புளித்த கிழங்குப் பாலும் ஓடையில் நுரைக்கும் கழிவும் சேர்ந்து இரவும் பகலும் நாறுகிறது. நாற்றம் எங்கும் போய்விடவில்லை. அதற்குள்ளேயே கிடக்கிறவன் மூக்கு அதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்து, இனிச் சொல்வதில்லை என்று விட்டுவிட்டது. வெளியூருக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்தால் மறுபடி சொல்லும். அப்படியானால் அர்த்தனாரிக்கும் நாலு நாள் வெளியூர் காட்ட வேண்டும்.

மரத்தடிக் கூட்டத்தை அவன் கலைத்துவிட்டான். “இனிமே வராதீங்க. நாம ஒரேயடியாப் போட்டுப் போட்டு அவருக்கு உறைக்காமப் பண்ணிட்டோம்.”

கையைப் பஞ்சு மேல் வைத்ததுபோல் சும்மா வைத்துக்கொண்டான். முதல் இரண்டு நாள் முதலாளி நிம்மதியாகத் திரிந்தார். பிறகு நிம்மதி அவரைத் தின்னத் தொடங்கியது. கதவு சாத்துகிற சத்தத்துக்குத் திடுக்கிட்டார். எடுத்த கவளத்தை வாயருகே நிறுத்திவிட்டு நெஞ்சுக்கு முன்னால் பார்த்தார். ஈ உட்கார்ந்ததற்கு அலறினார், அது அவருடைய சொந்த மூக்கின் மேல் உட்கார்ந்த ஈ. கோவிலில் பூசை நடந்து, மணி ஓய்ந்து, ஊரே கண்மூடி நின்ற அந்த அமைதியில், செங்கோடன் ஒரு கோழி இறகை எடுத்து இல்லாத உள்ளங்கையில் ஒரே ஒரு கோடு இழுத்தான். மிசின் ஓடும் மில்லுக்குள் சேவல் கொத்தியதற்கு அசையாத மனிதர், அந்த ஒற்றை இறகுக்குக் கற்பூரத் தட்டைத் தட்டிவிட்டு, சாமியைப் பார்த்து, “விட்டுருடா!” என்று கத்தினார். அப்போது செங்கோடன் கற்றுக்கொண்டான்: எவ்வளவு தொடுகிறோம் என்பதில் இல்லை, எந்த அமைதியின் மேல் தொடுகிறோம் என்பதில் இருக்கிறது.

பிறகு அவன் அவருடைய தொழிலைத் தொட்டான். அர்த்தனாரியின் சொத்து மில் அல்ல, விரல்கள். களத்தில் காயும் ஜவ்வரிசியை ஒரு பிடி அள்ளி, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உருட்டி, “இன்னும் ஒரு வெயில்” என்றோ “அள்ளு” என்றோ அவர் சொன்னால் அது தப்பியதே இல்லை. அந்தப் பேச்சை நம்பித்தான் சேலத்து வியாபாரிகள் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் ஏற்றினார்கள். இப்போது அவர் களத்தில் குனியும் நேரம் பார்த்து, செங்கோடன் இல்லாத கையை ஈரச் சாக்கின் மேல் வைத்தான். எந்தக் கை எதைச் சொல்கிறது என்று அவருக்குப் பிரித்தறிய முடியவில்லை. உலர்ந்தது ஈரமாகத் தெரிந்தது. மேலும் காயவிட்டார், மணிகள் வெடித்துத் தூளாயின. அடுத்த முறை அவன் கையைச் சுடுமணலில் வைத்தான். ஈரமானது உலர்ந்ததாகத் தெரிந்தது. அள்ளச் சொன்னார், போன மூட்டைகள் பூசணம் பூத்துத் திரும்பி வந்தன. மற்றவர்களைப் பார்க்கச் சொல்லலாமே என்றார்கள். அவரால் முடியவில்லை. தன் விரலை நம்பாதவர் வையாபுரியின் விரலையா நம்புவார்?

வைகாசியில் அவரே வந்தார், வண்டியில்லாமல், நடந்து. பூவாயி வேலைக்குப் போயிருந்தாள்.

“டேய் செங்கோடா, உனக்கு என்ன வேணும்? காடு வேணுமா, மாடு வேணுமா? வாயத் தொறந்து கேளு.”

“ஒரு வார்த்த வேணுங்க மொதலாளி. களத்துல நின்னு, எம் பொண்டாட்டி காதுல உழுகற மாதிரி. செங்கோடன் குடிக்கலைன்னு.”

முதலாளி வேப்பமரத்தைப் பார்த்தார். “அதத் தவிர வேற கேளு.”

“வேற ஒண்ணும் வேண்டாங்க.”

“சொல்லிட்டா? சொல்லிட்டா இந்தக் கை என்னாகும்?”

அவர் அதை ஏன் கேட்டார் என்று செங்கோடனுக்கு விளங்கவில்லை. “அது உங்களை விட்டுப் போனாப் போவுது, உங்களுக்கு நல்லதுதானே?” என்றான். முதலாளி வந்த வழியே நடந்து போய்விட்டார். போகும்போது தன் நெஞ்சுக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு போனார், எதையோ காப்பாற்றுகிறவர் மாதிரி.

கேஸ் வருமென்று பயப்படுகிறார் என்றார்கள் ஊரார். அத்தாயி மட்டும் வேறொன்று சொன்னாள். “மத்தியானச் சோறு ஆனதும் ஆபீசு ரூமச் சாத்திக்கிறாரு. வையாபுரியக்கூட உள்ள விடுறதில்ல. தெறந்து வெளிய வர்றப்ப மூஞ்சி கழுவுன மாதிரி இருக்குது. அந்த ஒரு மணி நேரம் அவருக்கு ஏதோ சொகம் இருக்குது செங்கோடா.”

சுகமா? செங்கோடனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் தன்னோடு பேசாத பெண்டாட்டியோடு ஒரு வீட்டில் கிடக்க, அவருக்கு ஒரு மணி நேரச் சுகமா? மத்தியானம் பூவாயி மில்லிலிருந்து வந்து ஊட்டிவிட்டுப் போனதும் டாக்டர் கொடுத்த மாத்திரை அவனை அடித்துப் போட்டுவிடும். அதனால்தான் அந்த நேரம் அவர் தப்பிக்கிறார் என்று நினைத்தான். மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கித் துப்பினான். பூவாயி பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தாள். அவன் கண் திறந்து உட்கார்ந்திருந்தான். ஒரு கணம் நின்றாள், கூடையை எடுத்துக்கொண்டு சீக்கிரமே மில்லுக்குப் போய்விட்டாள். அவள் தலை மறைந்ததும் அவன் காஞ்சொறித் தழையை எடுத்தான். அன்றைக்கும், மறுநாளும், அந்த வாரம் முழுவதும் மத்தியானத்தை அவன் விடவில்லை.

மில் பாதி நாள் ஓடாமல் போனபோது ஊர் கவலைப்பட்டது. அவர் நோவது நல்லதுதான், ஆனால் மில் நின்றால் உலை எதில் வைப்பது? கூட்டம் போட்டுப் பேசித் தீர்ப்பது என்று முடிவாகி, மில் களத்திலேயே, வறுவல் கொட்டகைக்கு முன்னால் எல்லாரும் கூடினார்கள். கொட்டகையில் இரும்புத் தட்டுகள் தகதகத்துக்கொண்டிருந்தன. போட்ட ஜவ்வரிசியை நடுவில் நிறுத்த முடியாது என்பதால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பூவாயி கிழங்கு உரிக்கிற பெண்களோடு ஓரமாக நின்றாள், இந்தக் கூத்தில் தனக்குச் சம்பந்தம் இல்லை என்று.

“மொதலாளி ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சுது,” என்றார் மாது. “இல்லாட்டி, செங்கோடன் கொஞ்சம் எறங்கி வரட்டும். என்ன செங்கோடா?”

“நா எங்க எறங்குறது? எல்லாம் எறங்கி, கடைசிப் படியில நிக்கிறேன்.”

அர்த்தனாரி எழுந்தார். முகம் சிறுத்து, கண் குழி விழுந்து, ஒரு வாரமாகத் தூங்காதவர்போல் இருந்தார். “பகலெல்லாம் வெச்சுக்கடா,” என்றார். “சுடு, கிள்ளு, சேவல விடு, நா கேட்கல. மத்தியானத்த மட்டும் விட்டுரு. அது உன் நேரமில்ல. அதுல உனக்குப் பாத்தியத கிடையாது.”

“எங்கைக்கு எனக்குப் பாத்தியத கிடையாதா?”

“கிடையாது! நீ தின்னுட்டுக் கட்டயாட்டம் தூங்குவ. உனக்கு என்ன தெரியும்? அவ கதவச் சாத்திட்டு வந்து உன் பக்கத்துல உக்காருவா. உன் கைய எடுத்து மடியில வெச்சுக்குவா. சுண்டுவெரல்ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா நீவிக்கிட்டே வருவா. நடுவெரல்ல கத்தி பட்ட தழும்பு இருக்குதே, அங்க வந்ததும் நிறுத்துவா. அப்புறம் சொட்டுச் சொட்டா ஈரம் உழும், உள்ளங்கையில. உனக்கு ஒரு துளியாச்சும் தெரியுமாடா? எனக்குத் தெரியும்! என் வீட்டுல ஒரு கை என்னை அப்பிடித் தொட்டதில்ல. ஒரு வாரமா நீ முழிச்சுக்கிட்டு உக்காந்து அதையும் கெடுத்துட்டியே, பாவி!”

செங்கோடன் பூவாயியைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை நாளும் பழி என்று எதை அந்த மனிதன் மேல் ஏவிக்கொண்டிருந்தானோ, அதே வழியில் எது எது போயிற்று என்று இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

பூவாயி நடந்து வந்தாள். அவள் கதவைத் தாழிட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை; அந்தக் கையோடு பேசுகிற அந்த நேரத்தைத் தவிர, தனக்கேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. அந்தத் தழும்பில் அவள் விரல் நின்றதை அறிய, இந்த உலகத்தில் அந்த விரலுக்குத்தான் முடியும். ஊர் சொன்னது நிஜம். அப்படியானால், தன் புருசன் சொன்னதும் நிஜமாக இருக்கலாம்.

“நா புடிச்சது எம் புருசன் கைய,” என்றாள் அர்த்தனாரியைப் பார்த்து. “வாங்கி வெச்சுக்கிட்டவன் நீயா?”

அவர் பின்வாங்கினார். அவள் அவரை விட்டுவிட்டுச் செங்கோடனிடம் வந்தாள். எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. காற்றில் கையை வைத்து, இல்லாத மணிக்கட்டைச் சரியாகப் பற்றி, மாட்டை நடத்துவதுபோல் அவனைக் கொட்டகைக்கு நடத்திப் போய், தகதகக்கும் தட்டின் மேல், உருளும் ஜவ்வரிசிக்கு நடுவே, அந்த உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்து அழுத்தினாள்.

அர்த்தனாரி களத்தில் விழுந்து புரண்டார்.

“சாராயத்த ஊத்துனது யாரு?”

“வையாபுரி! ஐயோ, வையாபுரி!”

“யாரு சொல்லி?”

“எடு, எடுத்துரும்மா…”

“யாரு சொல்லின்னு கேட்டேன்.”

“நாஞ் சொல்லி! நாந்தான்! அவன் குடிக்கல! வலயக் கழட்டச் சொன்னதும் நாந்தான்! எல்லாம் நாந்தான்!” மண்ணில் முகத்தை வைத்துத் தேய்த்தார். “எனக்கு இந்தக் கை வேண்டாம் சாமி! குடுத்துட்டேன், குடுத்துட்டேன், எடுத்துக்கங்க!”

அத்தோடு அவர் சத்தம் நின்றது. எழுந்து உட்கார்ந்தார். நெஞ்சுக்கு முன்னால் துழாவினார். அங்கே ஒன்றும் இல்லை. வாய் திறந்தபடி, யாரோ வீட்டைக் காலி செய்துகொண்டு போனதைப் பார்க்கிறவர்போல் உட்கார்ந்திருந்தார்.

“சொல்லிட்டாருல்ல, விடு பூவாயி,” என்றாள் அத்தாயி.

“அத்தன மத்தியானம் அத்தாயி,” என்றாள் பூவாயி. “அத்தன மத்தியானம்.” அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குகிறார் என்று நினைத்தாள். கையைத் திருப்பி, புறங்கையைத் தட்டில் வைத்து, உடம்பின் கனமெல்லாம் சேர்த்து அழுத்தினாள்.

செங்கோடனுக்கு முதலில் சுண்டுவிரலில் எறும்பு ஊர்ந்தது. பிறகு தட்டு முழுவதும் அவனுக்குள் ஏறியது. தையிலிருந்து செத்துக் கிடந்த கை ஒரே நொடியில் உயிரோடு வந்து நெருப்பின் மேல் கிடந்தது. கத்த வாயைத் திறந்தான். திறந்தபோது, அந்த எரிச்சலுக்கு மேலே, மணிக்கட்டைச் சுற்றி, வேறொன்று தெரிந்தது: கத்தி பிடித்துக் காய்த்த, வியர்வையில் வழுக்குகிற, இறுக்கிப் பிடித்திருக்கிற ஐந்து விரல்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் பதறி விட்டுவிடுவாள். அவன் வாயை மூடிக்கொண்டான். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

பூவாயி நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

“ஏனுங்க, எதுக்கு அழுவுறீங்க?”

“பொகை புள்ள,” என்றான் செங்கோடன். “விட்டுராத. இன்னுங் கொஞ்சம் அழுத்திப் புடி.”